தலையெழுத்து, இரண்டாவது பைட்

பாக்கெட்டுக்கும் தலை உண்டு.
தலையில் எழுத்து உண்டு,
இரண்டாவது பைட்டில், எட்டே பிட்.
முதல் ஆறில் இருக்கிறது
யார் முந்துவது, யார் ஓரமாய் நிற்பது என்பது.
பிரம்மனுக்கு இதில் வேலையில்லை.
பஹ்ரைனில், அஸ்கரில்,
உருக்காலைக்குப் பின்புறம் ஏசி உறுமும் அறையில்
நைட் ஷிப்டில்
நான்தான் எழுதுகிறேன்.

நாற்பத்தாறு என்றால் குரல்.
ஒன்று சைபர் ஒன்று ஒன்று ஒன்று சைபர்.
சைரன் இல்லாத ஆம்புலன்ஸ்,
கண்ட்ரோல் ரூம் போனுக்கு மட்டும்.
எட்டு என்றால்,
எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின்
சட்டியில் மிச்சமிருந்தால்.
வெறும் சைபருக்குப் பெயர் ‘முடிந்தவரை’.
ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் போனபோது
தாலுகா ஆபீஸில் கேட்ட அதே சொல்:
முடிஞ்சவரைக்கும் பாக்குறேம்மா.

போன மாதம் ஹிஷாமின் மெயில்.
கேமராப் பதிவுகள் மனாமாவுக்கு
நேரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை.
கேம்ப் டிராபிக்கை எட்டில் போடு.
மூன்று வரி கட்டளை.
தட்டி முடித்தபோது
டீ ஆறியிருக்கவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு
மெஸ் கூரைமேல் ஒரே ஒரு தட்டு ஆன்டெனா.
எட்டு மணிக்குப் பஸ் வரும்.
குளியலறைக்கு வரிசை, குபூஸுக்கு வரிசை,
அப்புறம் என் ரவுட்டருக்குள் ஒரு வரிசை,
வேர்வை நாற்றம் இல்லாதது.
திரையில் பச்சைக் கோடு ஏறும்,
ஏறி, மேலே முட்டித் தட்டையாகும்.
அதற்குப் பிறகு வருவது விழும்.
விழுகிற சத்தம் கிடையாது.
ஓர் எண் கூடும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை கேம்ப்பில் வைஃபை பெட்டி மாற்றப் போனேன்.
ஏணியைப் பிடித்துக்கொண்ட ஃபிட்டர் இசக்கியப்பன்
நேற்று எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினார்.
“இதப் பாருங்க மேடம்.”
அவர் மனைவி. வாய் பாதி திறந்து,
ஏதோ ஒரு ‘ந’வைத் தொடங்கியபடி.
கன்னத்துக்குக் கீழே எல்லாம்
லுங்கிக் கட்டம் மாதிரி சதுரம் சதுரமாய்.
“எட்டு மணிக்கு மேல தெனம் இப்படித்தான்.
டவர் ஃபுல்லா காட்டுது.”
நான் சொன்னேன்:
கடலுக்கடியில கேபிள் பிரச்சனைண்ணே.

கடல் என்ன பாவம் செய்தது?
எங்கள் எல்லையைத் தாண்டும்போதே
போட்ட எண்ணையெல்லாம் அவர்கள் துடைத்துவிடுவார்கள்.
கடலில் நாற்பத்தாறும் சைபர், எட்டும் சைபர்.
ஹிஷாமின் மீட்டிங்கும் சைபர்.
அந்த முகம்
கோவில்பட்டியிலிருந்து அத்தனை தூரமும்
யாருக்கும் கீழே இல்லாமல்தான் வந்தது.
கடைசி நாலு கிலோமீட்டரில்,
என் வாசலில்,
எட்டானது.

மீதி இரண்டு பிட்டைப் பற்றிச் சொல்லவில்லையே.
அவற்றுக்கும் அந்தஸ்துக்கும் சம்பந்தமில்லை.
வழி நெரிந்தால், கீழே போடுவதற்குப் பதில்,
இரண்டிலும் ஒன்று எழுதி அனுப்பலாம்:
‘நெரிசல் பட்டு வந்தேன்.’
வாங்குகிறவர் அனுப்புகிறவருக்குச் சொல்வார்,
கொஞ்சம் மெதுவாய்.
பரீட்சைக்குப் படித்தது.
இங்கே யாரும் அதை ஆன் செய்ததில்லை.
நானும்தான்.

எட்டை மாற்ற ஃபாரம் வேண்டும், இரண்டு கையெழுத்து வேண்டும்.
கேமராப் பதிவு கிளம்பும் நேரம் மட்டும்
என் ஃபைலில் இருக்கிறது.
இருபது என்றிருந்ததை அழித்து
இரண்டு என்று போட்டேன்.
அதிகாலை இரண்டு மணிக்கு,
நேற்றைய கேட்டையும் காலி பார்க்கிங்கையும்
எதிர்பார்த்து
யாரும் விழித்திருப்பதில்லை.

எட்டு எட்டாகவே இருக்கிறது.
சட்டியில்தான் மிச்சமிருக்கிறது.
இரவு எட்டரைக்குப் பச்சைக் கோடு
முக்கால் உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.
ஹிஷாம் நன்றி என்று ஒரு வரி போட்டிருந்தார்,
பதிவுகள் வந்து சேர்கின்றனவாம்.

விழுந்ததைக் காட்டும் எண்
ஏழு இலக்கத்தில் நிற்கிறது.
அது கூடவில்லை. குறையவும் குறையாது.
அழிக்க ஒரு கட்டளை உண்டு, ஒரே வரி.
இன்னும் தட்டவில்லை.